குண்டுக்கல் நிரப்பிய ஒன்பது டப்பாக்கள்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். சாக்கடை மூடிகளும் குழாய் வளைவுகளும் வார்க்கிற அந்தப் பவுண்டரியில் முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவர் குண்டுக்கல்தான்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மணல் அடைத்த அச்சுப்பெட்டி ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. கட்டைவிரல் நகம் பிய்ந்து தொங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாடா" என்றார் அன்றைக்கிருந்த மேஸ்திரி. "எதுக்கு? நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லி, கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் வார்த்தார். மறுநாளும் வந்தார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், உடம்பு சரியில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் மூன்று நாள் எடுத்தார். அதிலும் மூன்றாம் நாள் மத்தியானமே, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பவுண்டரிப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். சொல்லிக் காட்டத்தானே செய்வாள்!

அவர் வேலை பெரிய கரண்டிக்கு முன்பிடி பிடிப்பது. உலையில் உருகிய இரும்பை வாங்கிக்கொள்கிற கரண்டி அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தண்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய், வரிசையாக வைத்திருக்கும் மணல் அச்சுகளில் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது நடுவில் நிறுத்தினால் மூடியில் கோடு விழும். கோடு விழுந்த மூடி ஒரு லாரி ஏறினால் இரண்டாகிவிடும். அதனால் ஒரு வரிசை முடிகிற வரைக்கும் யாரும் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. முன்பிடி பிடிக்கிறவனுக்குத்தான் அனல் அதிகம், மரியாதையும் அதிகம்.

இந்த இடத்தில்தான் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். உலைக்காரர்கள் ஒன்பது பேரும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். கழிப்பறையோ மணல்மேட்டைத் தாண்டிப் பின்மதில் ஓரத்தில் இருந்தது. போய்வரக் கால்மணி நேரம். மேஸ்திரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். சரி, வம்பு எதற்கு என்று குடிக்காமல் இருந்தவர்கள், நாளாக ஆக அதையே ஒரு வீரமாக்கிவிட்டார்கள். எவனாவது நடுவில் குழாயடிக்குப் போனால் "ஏய், பால்குடி போறான் பாரு" என்று கூச்சல் கிளம்பும். சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வியர்வை வரும், வாய்க்குள் ஒரு சொட்டு போகாது. ஆம்பிளைகளுக்கு அறிவு எங்கே இருக்கிறது என்று தேடினால் இந்த மாதிரி இடங்களில் கிடைக்காது.

இன்னொரு வழக்கம், தகர டப்பா. வருகை பதிகிற மேஜைக்குப் பக்கத்து மாடத்தில் அது இருக்கும். உள்ளே வெள்ளை வலிமாத்திரை. காலையில் வந்ததும் டீயோடு ஒன்று, சாப்பாட்டுக்கப்புறம் ஒன்று. வலித்தால் போடுவது என்றில்லை. வலி வரப் போகிறதே, அதற்கு முன்கூட்டியே. புதிதாக ஒருவன் உலைக்கு வந்தால், அவனைக் கூட்டிவந்தவர் தன் கையாலேயே முதல் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். அன்றோடு அவன் உலைக்காரன்.

ஆறு வருஷத்துக்கு முன்பு குண்டுக்கல் தன் மச்சினனைக் கூட்டிவந்து அப்படித்தான் கொடுத்தார். மனைவியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, அக்காதான் அவனுக்கு எல்லாம். "உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். பையன் கெட்டிக்காரன், வாயும் அதிகம். பழைய இரும்பை உடைத்து உலையில் போடுகிற வேலை. இப்போது கல்யாணமாகி, பெண்டாட்டிக்கு ஏழு மாதம்.

சுகாதார நிலையத்து நர்சம்மா இரண்டாவது முறையாக அந்தப் பவுண்டரிக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செங்கல் சூளை, ரொட்டி அடுப்பு, சலவைக்கூடம் என்று முப்பது நாற்பது இடங்களுக்கு அவர் ஒருத்தர்தான். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, மூச்சு வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் வயசானவங்களுக்கும்தான் கிட்னி போகும்னு நினைச்சிட்டிருக்கோம். இல்லைங்க. எங்க ஆஸ்பத்திரி லிஸ்டைப் பாருங்க, பாதிப் பேரு அனல்லயும் வெயில்லயும் வேலை பாக்குறவங்க. முப்பது வயசு, நாப்பது வயசு. கிட்னி இருக்கே, அது வாயில்லாப் பூச்சி. முக்கால்வாசி போற வரைக்கும் மூச்சு விடாது. அதனாலதான் நாங்களா தேடி வர்றோம். நாளைக் காலையில ஆளுக்கு ஒரு டப்பா சிறுநீர், முக்கால் அளவு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, எண் ஒட்டிய ஒன்பது டப்பாக்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். டீ நேரத்தில் உலைக்காரர்கள் கூடினார்கள். எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை.

காரணம், முன்பு அவர்களோடு உலையில் நின்ற மீசைக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே நர்சம்மா இதே டப்பாவோடு வந்தபோது, மீசைக்காரருடைய சோதனைச் சீட்டில் மட்டும் கோளாறு என்று வந்தது. உலையிலிருந்து கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். பிறகு, "வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கிட்டு வாங்க" என்றார்கள். போனவரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. பதினோராம் மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். நோய் முற்றிப் போனார் என்று நீங்களும் நானும் நினைப்போம். உலைக்காரர்கள் கணக்கு வேறு. "டெஸ்ட் பண்ணாம இருந்திருந்தா மனுஷன் இன்னிக்கும் கரண்டி பிடிச்சிட்டிருப்பாரு" என்றான் வானொலி. வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு அந்தப் பெயர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

அப்போதுதான் வானொலிக்கு அந்த யோசனை உதித்தது. "நம்மள்ல நோய் நொடி இல்லாத ஆளு யாரு? அண்ணன். ஒன்பது டப்பாவையும் அண்ணனே நிரப்பிட்டா?"

அப்புறம் ஒரே சிரிப்பு. குண்டுக்கல்லுக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கட்டிக் காத்த பெயருக்கு இதைவிடப் பெரிய மாலை யார் போடுவார்கள்? "ஆளுக்கு ஒண்ணு ஊத்திக் குடுக்குறேன், கவலைப்படாதீங்கடா" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒன்பது பேர் சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

மறுநாள் காலை டப்பாக்களோடு மதிலோரம் போனவர் ஐந்தை நிரப்பினார். கட்டாங்காப்பி நிறத்தில், நுரையோடு. "நுரையைப் பாத்தியா? உடம்புல சத்து இருந்தாத்தான் இப்படி வரும்" என்றார், காவலுக்கு நின்ற மச்சினனிடம். "எனக்கும் அப்படித்தான் அத்தான் வருது" என்றான் அவன். ஆறாவது டப்பாவுக்கு ஊற்று வற்றிவிட்டது. வேறு வழியில்லாமல் தண்ணீர் குடித்தார். வேலை நேரத்தில், குழாயடியில், எல்லோரும் பார்க்க. "பால்குடி! பால்குடி!" என்று கத்திக்கொண்டே வானொலி செம்பு செம்பாகப் பிடித்துக் கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்து இன்னும் மூன்று. கடைசி டப்பா மச்சினனுடையது. அது நிரம்பியபோது நர்சம்மாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றுவிட்டது. குழாய்த் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது அது.

ஒரு வாரம் கழித்துச் சீட்டுகள் வந்தன. நர்சம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஐந்து சீட்டில் புரதம் இரண்டு பிளஸ். மூன்று சீட்டில் ஒரு பிளஸ். ஒன்றே ஒன்றில், மச்சினன் சீட்டில், இல்லை. "இத்தனை வருஷத்துல ஒரே இடத்துல இவ்வளவு பேருக்கு நான் பாத்ததில்லை" என்று நர்சம்மா கலங்கிப்போய்ச் சொன்னார். "புரதம் சிறுநீர்ல வரவே கூடாதுங்க. கிட்னி வடிகட்டி ஓட்டையாகுதுன்னு அர்த்தம். எட்டு பேரும் திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுக்கணும். வராம இருந்துடாதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்குறேன்."

அவர் ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும், பிளஸ் வாங்கிய மற்ற ஏழு பேரும் குண்டுக்கல்லைப் பார்த்தார்கள். வானொலிதான் முதலில் எழுந்து, தன் சீட்டை அவர் முன்னால் வைத்தான். "அண்ணே... இது உங்களுதுதான்." இன்னொருவர் வைத்தார். இன்னொருவர். ஒரு மனிதனுக்கு நோய் என்று ஒரு தடவை சொன்னாலே இடி விழுந்த மாதிரி இருக்கும். அவருக்கு எட்டுத் தடவை சொன்னார்கள்.

"சும்மா இருங்கடா. மிஷின் தப்பா காட்டியிருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவர்தான் போனார். மற்ற ஏழு பேரும் ஏன் போகப் போகிறார்கள்? டப்பா அவர்களுடையது இல்லையே! தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியுமாம். தன் டப்பாவில் ஒரு துளி தானே விடாதவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள். அழுத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா இன்னொரு தடவை பார்த்தார். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள், மாத்திரை என்ன போடுவீர்கள், எத்தனை வருஷமாக என்று கேட்டார். பதில் கேட்கக் கேட்க அவர் பேனா மெதுவாயிற்று. "காலையில பாதம் வீங்குமா? கண்ணுக்குக் கீழ உப்பும் இல்ல? சிறுநீர்ல நுரை?"

"நுரைதான் டாக்டரம்மா சத்து..."

"சத்துதான். உடம்புல இருக்க வேண்டிய சத்து வெளியில போகுது." மத்தியானம் வந்த ரத்த முடிவைப் பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாமல்தான் சொன்னார். "உங்க கிட்னி நூத்துக்கு இருபத்திரண்டு வேலை செய்யுது. போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். கிட்னியைத் தின்னுற அந்த வலிமாத்திரையை இன்னிக்கே விடணும், உலைக்கு முன்னால இனிமே நிக்கக் கூடாது. தண்ணியும் இனி உங்க இஷ்டத்துக்கு இல்ல, நான் சொல்ற அளவு."

திரும்பி வரும் வழியில், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் டயாலிசிஸ் செய்கிற நீள அறையைப் பார்த்தார். பத்துக் கட்டில், பத்து மிஷின், ஒவ்வொருவர் கையிலிருந்தும் ரத்தம் குழாயில் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்றார் வாசலில் நின்ற பணியாள். காத்திருப்பவர்கள் லிஸ்டில் இன்னும் முப்பது பேர். கட்டிலில் படுத்திருந்தவர்களின் கைகளை அவர் பார்த்தார். எல்லாம் உழைத்த கைகள். ஒருவர் முன்னங்கையில் அடுப்புத் தழும்பு. ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே உப்பலாக இருந்தது.

அந்த உப்பலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று பஸ் ஏறும் வரை யோசித்தார். பஸ்ஸில் உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் சைக்கிளை நிறுத்தி "அக்கா, டீ இருக்கா?" என்று குரல் கொடுக்கிற முகத்தில்தான். பூட்ஸ் கயிறு கட்ட முடியவில்லை, கால் பெருத்துவிட்டது என்று போன மாதம் அவன் சிரித்தான். நுரையைப் பற்றி மதிலோரத்தில் அவன் சொன்ன வார்த்தையும் காதில் வந்து நின்றது.

ஆனால் அவன் கையில்தானே நல்ல சீட்டு இருக்கிறது! எட்டுப் பேரைக் கூப்பிட்ட நர்சம்மா அவனை மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிடவும் மாட்டார். அது போதாதென்று, அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறொன்று நடந்திருந்தது. எட்டுப் பேருக்குக் கோளாறு என்றதும் மேஸ்திரி தலையில் கை வைத்து உட்கார்ந்து, கடைசியில் கண்டுபிடித்த வழி இது: சுத்தமான சீட்டு வைத்திருக்கிற ஒரே ஆளைப் பெரிய கரண்டிக்கு முன்பிடியாகப் போட்டுவிடுவது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து.

"உங்களுக்கு அப்புறம் என் தம்பிதான் முன்பிடியாம்!" என்று வாசலிலேயே மனைவி சொன்னாள். சந்தோஷமும் கவலையும் அவள் முகத்தில் மாறி மாறி வந்தன. "டாக்டர் என்ன சொன்னாங்க? சத்து மாத்திரை குடுத்தாங்களா?"

அவர் உள்ளே போய் உட்கார்ந்தார். இருபத்திரண்டைச் சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர் அடுத்ததைச் சொன்னார். ஒன்பதாவது டப்பாவும் தன்னுடையதுதான். நிறைய தண்ணீர் குடித்தபிறகு நிரப்பியது, அதனால் சுத்தமாகக் காட்டிவிட்டது. அவன் கால் வீக்கம், முகம், நுரை. எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக, "அவனுக்கு முதல் மாத்திரையை என் கையாலதான் குடுத்தேன்" என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களை நம்பித்தானே அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புருஷனுக்காக ஒரு கண், தம்பிக்காக ஒரு கண். எந்தக் கண்ணை முதலில் துடைப்பாள், பாவம்!

அன்று சாயங்காலமே மச்சினனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதமாகச் சொல்லிப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. "அத்தான், உங்களுக்கு மனசு சரியில்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. மூணு மாசத்துல குழந்தை வரப் போகுது, இப்பப் போய் டப்பா, டெஸ்ட்டுன்னு கிளம்பினா என்னையும் மீசைக்காரர் மாதிரி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

"ஒரே ஒரு தடவை உன் சொந்த டப்பாவைக் குடுடா மாப்ளே."

"குடுக்க மாட்டேன்." எழுந்து போய்விட்டான். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை நர்சம்மா வந்தார். வராத ஏழு பேரையும் மணல்மேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துச் சத்தம் போட்டார். "நான் என்ன எனக்காகவா அலையுறேன்? ஏன் வரல? ஒரு ஆளாவது காரணம் சொல்லுங்க!" ஏழு பேரும் பூமியைப் பார்த்தார்கள். மேஸ்திரி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். மச்சினன் பெரிய கரண்டியின் தண்டைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தால் என்னென்ன போகும் என்று குண்டுக்கல்லுக்குத் தெரியும். பொய்யன் என்ற பெயர் வரும். கூட நின்றவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. மச்சினன் இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டான். திறக்காவிட்டால் என்ன போகும் என்றும் தெரியும். அதைத்தான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நர்சம்மா, அவங்களைத் திட்டாதீங்க. அந்த டப்பா எல்லாம் என்னோடது."

"எந்த டப்பா?"

"ஒன்பதும்."

நர்சம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அதற்குள் மச்சினன் தண்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "மத்த எட்டும்தான் அவருது, நர்சம்மா! என்னுது நானே நிரப்பினேன். சத்தியமா!"

"பொய் சொல்றான்" என்றார் குண்டுக்கல். "அவனுதும் நான்தான். வயிறு நிறையத் தண்ணி குடிச்சு நிரப்பினது, அதான் நல்லதா வந்துச்சு. அவன் காலைப் பாருங்க. பூட்ஸைக் கழட்டச் சொல்லிப் பாருங்க."

மச்சினன் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். "நீங்க எல்லாம் ஒரு மனுஷனா?" என்றான். அக்காளைக் கட்டியவரைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில்.

நர்சம்மா கவிழ்த்து வைத்திருந்த அச்சுப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். ஒரு மனுஷன் ஏழு பேருக்கு நோயை இரவல் கொடுத்த கதையை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவது என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. "நல்ல உடம்புக்காரன் ஒருத்தன் நிரப்பிக் குடுத்திருந்தா, எல்லாரும் நல்லா இருக்கீங்கன்னு எழுதி வச்சிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பேனே, தெரியுமா உங்களுக்கு?" என்றார். எழுந்து, பையிலிருந்து புது டப்பாக்களை எடுத்தார். "இப்ப. இங்கேயே. ஒவ்வொருத்தரா. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் திரும்பி நிக்குறேன்."

எட்டுப் பேரில் மூன்று பேருக்குக் கோளாறு என்று வந்தது. வானொலி தப்பித்தான், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தான். மச்சினனுக்கு இரண்டு பிளஸ்.

நர்சம்மா அத்தோடு விடவில்லை. மேஸ்திரியோடும் முதலாளியோடும் மல்லுக்கு நின்றார். சீட்டில் கோளாறு வந்தவனை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த தடவை எவனும் உண்மை டப்பா தர மாட்டான், அப்புறம் உலைக்காரர்களைப் பத்துக் கட்டில் அறையில்தான் தேட வேண்டியிருக்கும் என்று சுடச்சுடக் கேட்டார். முதலாளி இரண்டு நாள் மழுப்பினார். கடைசியில் யாரையும் அனுப்புவதில்லை என்று ஒப்புக்கொண்டார். குண்டுக்கல்லுக்கு மர அச்சுகள் அடுக்கிவைக்கிற கிடங்கில் வேலை. அங்கே அனல் இல்லை. மச்சினனுக்கு மூடி ஏற்றிப் போகிற லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிற வேலை. ஒரு வரிசை ஊற்றியதும் எல்லோரும் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்று உலைக்குப் பக்கத்தில் டிரம் வைத்தார்கள். மாத்திரை டப்பா மட்டும் மாடத்தை விட்டுப் போக இன்னும் சில மாதம் பிடித்தது. பழக்கம் அல்லவா, லேசில் விடுமா?

மச்சினன் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டான். காலையில் சைக்கிள் அந்தத் தெரு வழியாகவே வரவில்லை. முன்பிடி வேறொருவனுக்குப் போனது. சீட்டு எழுதும் மேஜையிலிருந்து அவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதை, எதிர்க் கிடங்கிலிருந்து குண்டுக்கல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நடுவில் கிடந்து அல்லாடினாள். இவருக்கு உப்பில்லாமல் ஒரு பாத்திரம், தம்பி வீட்டுக்கு உப்பில்லாமல் ஒரு பாத்திரம். ரத்தம் கொடுக்க அவனை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். அவன் பேச்சை நிறுத்திய பதினோராம் நாள் முடிவு வாங்கப் போக வேண்டும். "நானும் வரேன்" என்றார் குண்டுக்கல். "வாங்க, ஆனா பக்கத்துல உக்காராதீங்க. எழுந்து போயிடுவான்" என்றாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரே பெஞ்சு. அந்தக் கோடியில் மச்சினன், நடுவில் அக்கா, இந்தக் கோடியில் அவர். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டபோது மூன்று பேரும் எழுந்தார்கள். அவன் திரும்பி முறைத்தான். அவர் கதவோரமாக நின்றுகொண்டார்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். "அறுபத்தெட்டு" என்றார்.

கதவோரத்திலிருந்து குண்டுக்கல்தான் கேட்டார். "நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

"அறுபத்தெட்டுன்னா... போதுமா டாக்டரம்மா?"

"இப்ப வந்தாரு, அதனால போதும். வலிமாத்திரையைத் தொடக் கூடாது, அழுத்தத்துக்கு மாத்திரை தர்றேன், அதை விடக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்கிட்ட வரணும். சொன்னபடி கேட்டா இதுலேயே நிறுத்தி வைக்கப் பாக்கலாம். அந்த மிஷின் ரூம் பக்கமே போகாம, பிறக்கப் போற பிள்ளையை வளத்து ஆளாக்கலாம்." பிறகு அவரைப் பார்த்து, "நீங்க திரும்பக் குடுத்த ரத்தத்துக்கும் ரிப்போர்ட் வந்திருக்கு. பத்தொன்பது" என்றார்.

அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ. வெளியே வந்தார். பெஞ்சு வரைக்கும்கூடப் போக முடியவில்லை. நடைபாதையில் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். நகம் பிய்ந்தபோது அழவில்லை. இருபத்திரண்டு என்று சொன்னபோது அழவில்லை. இப்போது போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, குழந்தை போல ஏங்கி ஏங்கி, "அறுபத்தெட்டு இருக்கு, அறுபத்தெட்டு இருக்கு" என்று அழுதார்.

மனைவி ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் வேறொரு கை அவர் கக்கத்தில் நுழைந்து தூக்கியது. பதினோரு நாள் பேசாதவன்தான்.

"அத்தான், எழுந்திருங்க. தரை ஜில்லுனு இருக்கு, உங்களுக்கு ஆகாது."